நாலு தூண்டில், ஒரு கெளுத்தி முள்

ஜனவரி 24, 2025, வெள்ளி. குடியாத்தம் பக்கம் ஒரு கிராமம்

மச்சான் ஆன்லைனில் ரீல் வைத்த தூண்டில் வாங்கியதில் ஆரம்பித்தது இது. விலை 3,200 ரூபாய். கூடவே வெள்ளிக்கண் வைத்த ரப்பர் மீன்குஞ்சு நாலு இலவசம். பெட்டி வந்த நாளிலிருந்து கொளத்தூர் மொட்டை மாடியில் நின்று, தண்ணீர்த் தொட்டிக்கு மேலாக எறிந்து எறிந்து பழகினான். பக்கத்து வீட்டுக் கொடியிலிருந்து ஒரு நைட்டியைப் பிடித்ததுதான் அதுவரை அவன் கணக்கில் இருந்த வேட்டை.

முதலில் சாத்தனூர் போவதாகத்தான் பேச்சு. அங்கே அணை மீனை மிளகாய் தடவி வறுத்துத் தருவார்கள். பிடிக்காவிட்டாலும் தின்னலாம் என்பது என் கணக்கு. ஆனால் ஃபெங்கல் புயல் மழையில், போன டிசம்பர் 2 விடியற்காலை, நொடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட்ட அணை அது. தென்பெண்ணைக் கரையில் வீட்டுக்குள் புகுந்த வெள்ளத்தைப் பார்த்தவர்கள் நடுவே தூண்டிலும் தொப்பியுமாகப் போய் நிற்க மனசு வரவில்லை. சரி, எங்கள் அத்தை ஊருக்கே போகலாம் என்று முடிவானது. "எல்லாம் ஒரே வட ஆற்காடுதானே" என்றார் அத்தை போனில். மாவட்டம் 1989-ல் பிரிந்தது அவருக்கு இன்னும் உறைக்கவில்லை.

காலை ஆறரைக்கு ஊர் போய்ச் சேர்ந்தோம். வெயிலுக்குப் பேர்போன வேலூர் பக்கத்தில் தை மாதக் குளிர் இருக்கிறதே, அதை யாரும் சொல்லி எச்சரிப்பதில்லை. அத்தை கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கையில் வைத்துக் குளிர் காய்ந்தோம். பிறகு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் எருக்குழியைக் கிளறினேன். மண்புழு கொத்துக் கொத்தாக வந்தது. கொட்டாங்குச்சியில் ஈரமண்ணோடு போட்டுக்கொண்டேன்.

"இன்னாத்துக்குடா இது?"

"ஏரிக்கு அத்தை."

"தை வெள்ளிக்கிழமையிலயா?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஏரி நிறைய தண்ணீர். மழையில் கோடி போன ஏரி. எங்கள் பக்கம் ஏரி நிரம்பி வழிவதை அப்படித்தான் சொல்வோம். கலங்கலில், அதாவது உபரித் தண்ணீர் வெளியேறுகிற கட்டில், தண்ணீர் தாண்டுவதைப் பார்க்க ஊரே குடும்பத்தோடு கிளம்பிப் போகும். இப்போது வழிவது நின்று, தண்ணீர் கலங்கலுக்கு ஒரு முழம் கீழே கிடந்தது.

மச்சான் முதல் முறை எறிந்ததில் நரம்பு ரீலுக்குள்ளேயே குருவிக்கூடாகச் சுற்றிக்கொண்டது. பிரித்தெடுக்க முக்கால் மணி நேரம். இரண்டாவது முறை ரப்பர் மீன் அழகாகப் பறந்து வேலிகாத்தான் புதரில் உட்கார்ந்தது. மூன்றாவது முறை தண்ணீரில்தான் விழுந்தது, ஆனால் அடியில் கிடந்த காட்டாமணக்குத் தண்டைக் கவ்விக்கொண்டு திரும்பவில்லை. ஒன்பது மணிக்குள் நாலில் இரண்டு மீன் காலி, இரண்டுமே ரப்பர்.

பத்தடி தள்ளி மூன்று பையன்கள். மூங்கில் குச்சி, பத்து ரூபாய் நரம்பு, பழைய ஹவாய் செருப்பை அறுத்துச் செய்த தக்கை. ஜிலேபி மீனாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்யவேண்டும். சிரிப்பு வந்தபோதெல்லாம் திரும்பிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஒருவன் எழுந்து வந்து, "அண்ணா, மதகாண்ட போடுங்க, இங்க முள்ளுதான் ஜாஸ்தி" என்று தன் இடத்தையே விட்டுக்கொடுத்தான். தன் மூங்கில் தூண்டில் ஒன்றையும் என்னிடம் கொடுத்தான்.

மச்சானுக்குக் கட்லாதான் வேண்டும். பையன் எங்கள் கொட்டாங்குச்சியை எட்டிப் பார்த்தான். "கட்லா புழு திங்காதுண்ணா. அது மேல் தண்ணியில வாயத் தொறந்துகினே போய் பாசி கீசி திங்கும். ரோகு நடுவுல, மிர்கால் அடியில. கட்லா வேணும்னா தவுட்டு உருண்டை கட்டணும்." ஏழாவது படிக்கிறானாம். இந்த மூன்று மீனையும் ஒரே ஏரியில் சேர்த்து விடுவதன் சூட்சுமமே இதுதான். ஒன்றின் இரைக்கு மற்றொன்று போட்டிக்கு வராது. பெரிய ஆட்களிடம் பணம் கொடுத்துப் படிக்கிற விஷயத்தை மூக்கொழுகிக்கொண்டே சொல்லிவிட்டான்.

பதினொரு மணி வாக்கில் என் தக்கை சட்டென்று உள்ளே போனது. இழுத்தேன். விரால்! ஒரு சாண் நீளம், பாம்புத் தலை, கைக்குள் நிற்காத வழுவழுப்பு. மச்சான் படம் எடுத்தான்.

படம் எடுத்து முடிப்பதற்குள் ஏரிக்கரையில் டிவிஎஸ் எக்ஸெல் சத்தம். பையன்கள் மூன்று பேரும் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு மாயம். ஏரி குத்தகைக்கு விட்டதாம். மீன் முழுக்கக் குத்தகைக்காரருடையது. வந்தவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். வண்டியை ஸ்டாண்டு போட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்து, "எந்த ஊரு?" என்றார். அத்தை வீட்டு அடையாளம் சொன்னேன். "மாவு மிஷின் வூட்டுக்காரம்மாவா? அவங்க அண்ணன் புள்ளையா நீ?" என்று என் தாத்தா வரை போய்விட்டு வந்தார். கடைசியில், "ஞாயித்துக்கிழமை வலை போடறோம், வா நைனா, வேணுன்றத வாங்கிக்க. இப்ப முள்ளு போடாதே" என்றார். விராலைத் திருப்பிக் கேட்கவில்லை. அதுதான் கூச்சமாக இருந்தது.

வீட்டு வாசலில் அத்தை குறுக்கே நின்றார். விளக்கு ஏற்றியாகிவிட்டது, மீன் படி தாண்டக் கூடாது. பக்கெட்டில் தண்ணீர் விட்டு விராலைத் தென்னை மரத்தடியில் வைத்தோம். ராத்திரிக்குச் சாம்பார். நாளைக்கு வறுவல்.

ஜனவரி 25, சனி. மோர்தானா

முதலில் ஒரு திருத்தம். நேற்று விரால் என்று எழுதியது விரால் இல்லையாம், குரவையாம். படத்தைப் பார்த்த மாமா சொன்னார். அதே ஜாதி, விலை மட்டும் பாதிகூடத் தேறாது.

இரண்டாவது திருத்தம், வறுவல் இல்லை. காலையில் பக்கெட்டில் தண்ணீர் மட்டும் இருந்தது. பூனையைத்தான் முதலில் சந்தேகப்பட்டோம். மாமா தரையைப் பார்த்தார். ஈரமண்ணில் பாம்பு போன மாதிரி ஒரு தடம், தென்னையடியிலிருந்து சலதாரை வரைக்கும். குரவையும் விராலும் காற்றை மூச்சிழுக்கும். ஈரம் இருந்தால் போதும், தரையில் நெளிந்து நெளிந்து அடுத்த தண்ணீருக்குப் போய்விடும். "பக்கெட்டு மேல தட்டு போட்டு கல்லு வெக்கணும், உங்களுக்கு யாரு சொல்றது" என்றார். எங்கள் ஒரே மீன் சாக்கடை வழியாகச் சொந்தக் காலில், அதாவது சொந்த வயிற்றில், ஊரை விட்டுப் போய்விட்டது.

மாமாவின் வண்டியை வாங்கிக்கொண்டு மோர்தானா கிளம்பினோம். வழியெல்லாம் மாந்தோப்பு, பூவெடுக்கிற காலம், மூக்கில் ஏறுகிற வாசனை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவின் கவுண்டன்யா சரணாலயம். யானைகள் அங்கிருந்து தோப்புகளுக்கு வரும். டீக்கடையில் வழி கேட்டபோது, "அஞ்சு மணிக்குள்ள திரும்பிடுங்க" என்றார் கடைக்காரர், ஏதோ கடைசிப் பஸ்ஸைப் பற்றிச் சொல்கிற மாதிரி. டீ பன்னிரண்டு ரூபாய், மசால்வடை எட்டு.

மோர்தானா சின்ன அணை. உயரம் 11.5 மீட்டர், கொள்ளளவு 261 மில்லியன் கன அடி. சாத்தனூரில் 7,321 என்பதால் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். மதில் கட்டியது மாதிரி மூன்று பக்கமும் மலை. காற்றில் தண்ணீர் சுருங்கிச் சுருங்கி விரிவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், நன்றாகத்தான் இருந்தது. தூண்டில் பையைப் பார்த்த காவல்காரர் தலையை மட்டும் ஆட்டினார், கூடாதென்று. நாங்களும் நேற்றைய பாடத்தில் இருந்ததால் வாதாடவில்லை. "கீழ ஆத்துல பள்ளத்துல கெளுத்தி கெடைக்கும்" என்று அவரே சொன்னார்.

கீழே ஆற்றில் முழங்கால் தண்ணீர், பாசி பிடித்த பாறை. மச்சான் வழுக்கினான். தூண்டிலை மேலே தூக்கிப் பிடித்துக் காப்பாற்றினான். பேண்ட் பையில் இருந்த போன் மூன்று நொடி தண்ணீரில் முங்கியது. நேற்று எடுத்த மீன் படம் அதில்தான் இருந்தது. ஆகவே குரவை இருந்ததற்கு இனி அத்தையும் மாமாவும்தான் சாட்சி.

அடுத்தது என் முறை. புழு கட்டிப் போட்டதில் கெளுத்தி மாட்டியது. நல்ல சைஸ். மாட்டிய சந்தோஷத்தில், குரவையைப் பிடித்த மாதிரியே உள்ளங்கையால் அமுக்கினேன்.

கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கவாட்டில் இரண்டு, ஆக மூன்று முள். பயந்தால் மூன்றையும் விறைத்துப் பூட்டிக்கொள்ளும். அப்புறம் அழுத்தினாலும் மடங்காது. ஓரத்தில் ரம்பப்பல், மேல்தோலில் விஷம். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் தெரிந்தது கட்டைவிரலுக்குள் யாரோ கொள்ளிக்கட்டையைச் செருகினார்கள் என்பது மட்டும்தான். வலி விரலோடு நிற்காமல் முழங்கை வரை ஏறியது. கெளுத்தியை எங்கே எறிந்தேன் என்றே தெரியவில்லை. தண்ணீருக்குள்தான் என்று மச்சான் சொல்கிறான்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா சத்தம் கேட்டு இறங்கி வந்தார். "கெளுத்தியா? அழுவாத தம்பி, சாவ மாட்ட" என்றார். நான் அழவில்லை. அழுகிற முகமாக இருந்திருக்கும். அவரே எங்களுக்கு முன்னால் நடந்து வண்டி வரை கொண்டுவந்து விட்டார். சுண்ணாம்பு தடவச் சொன்னார், நான் தடவவில்லை. சுகாதார நிலையத்துக்குப் போனோம். அங்கே இருந்த நர்ஸ் முள்ளின் துணுக்கை எடுத்துவிட்டு, ஒரு டப்பாவில் சுடுதண்ணீர் வைத்து விரலை முக்கச் சொன்னார். பொறுக்கக்கூடிய சூடு, கொதிக்கிறது இல்லை. இந்த விஷம் சூட்டில் கெட்டுப்போகிற புரதமாம். அரை மணியில் வலி பாதியாக இறங்கியது, சத்தியமாக. பிறகு டிடி ஊசி. "மீனு எங்கே?" என்று மட்டும் கேட்டார். காட்ட ஒன்றும் இல்லை.

திரும்பும்போது அதே டீக்கடை. கட்டைவிரல் கட்டைப் பார்த்ததும் கடைக்காரர் எதுவும் கேட்காமல் தன் இடது காதுமடலைத் திருப்பிக் காட்டினார். ஒரு ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. சின்ன வயதில் சிநேகிதன் தூண்டிலை வீசப் பின்னால் கையை ஓங்கியிருக்கிறான். முள் இவர் காதில். அவனுக்கு அது தெரியாது, பெரிய மீன் என்று நினைத்து முழு பலத்தோடு முன்னால் வீசியிருக்கிறான். தூண்டில் முள்ளின் நுனியில் பின்பார்த்த மாதிரி ஒரு செதில் இருக்கும், போன வழியில் திரும்பாது. முன்பக்கம் தள்ளி, செதிலை நறுக்கிவிட்டுத்தான் எடுக்கவேண்டும். அது தெரியாமல் நாலு பேர் சேர்ந்து இழுத்திருக்கிறார்கள். "அப்புறம் அவன்கூட பேசவேயில்லியா?" என்றான் மச்சான். "எங்க, அவன் தங்கச்சியத்தான் கட்டிகினேன்" என்றார். எங்களிடம் டீக்குக் காசு வாங்கவில்லை. மீன்பிடியில் அடிபட்டவர்களுக்குள் ஏதோ சங்கம் இருக்கும்போல.

குடியாத்தத்தில் ஈர பேண்ட்டுக்குப் பதிலாக மச்சானுக்கு ஒரு கைலி வாங்கினோம், 280 ரூபாய். தறி ஊரில் கைலி வாங்கிய கணக்கில் மட்டும் இன்றைக்கு நஷ்டமில்லை.

ஜனவரி 26, ஞாயிறு. மறுபடி ஏரி

போன் அரிசி டப்பாவில் தூங்குகிறது. விரல் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது, வலி குறைவு.

ஆறு மணிக்கு ஏரிக்கரையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். குடியரசு தினம் என்பதால் டாஸ்மாக் கிடையாது. இந்தக் குளிரில் அது இல்லாமல் எப்படி இறங்குவது என்று இருவர் முனகிக்கொண்டே இறங்கினார்கள். வலையின் இரண்டு முனையையும் கரைக்குக் கொண்டுவந்து, மெல்ல மெல்ல வளையத்தைச் சுருக்கிச் சுருக்கி, கடைசி இருபதடியில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஆனது. கட்லா எம்பி எம்பித் தாண்டியது. ஒன்று மச்சானின் மார்பில் மோதி விழுந்தது. இரண்டு நாளாக அவன் தேடிய மீன், அதுவே அவனைத் தேடி வந்து இடித்துவிட்டுப் போனது.

குவியலில் இருந்த ஒரு ஜிலேபியை மூங்கில் தூண்டில் பையன் கையில் எடுத்துக் காட்டினான். வாயிலிருந்து அரிசிமணி அளவுக் குஞ்சுகள் பொலபொலவென்று கொட்டின. தாய் ஜிலேபி முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காக்கும், அந்த நாட்களில் இரைகூட எடுக்காது. ஆப்பிரிக்கா மீன், 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. இந்த வளர்ப்பு முறையால்தான் யாரும் குஞ்சு விடாத ஏரியிலும் முளைத்துவிடுகிறது. பையன் குஞ்சுகளை அப்படியே தண்ணீரில் கவிழ்த்தான். "இதுங்க வந்தா கட்லாக்கு தீனி இல்லாம போவுது, நீ வேற" என்று பின்னாலிருந்து குத்தகைக்காரரின் குரல்.

வெள்ளிக்கிழமை வந்த அதே டிவிஎஸ் மனிதர்தான் குத்தகைக்காரர் என்பது அப்போதுதான் தெரிந்தது. காவல்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எடை போடுகிற இடைவெளியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் விரலைப் பார்த்தார். "உனக்கு வெரலு போச்சு. எனக்கு ஒரு ஏரியே போச்சு" என்றார்.

2021 நவம்பர். மோர்தானா வழிந்து கவுண்டன்யா ஆறு குடியாத்தத்துக்குள் புகுந்தது, பாலாறு இரு கரையும் புரண்டது, அந்த மழை. அந்த வருஷம் குஞ்சு விட்டு, தீனி போட்டு, தை மாதம் வலை போடக் காத்திருந்தாராம். ஏரி ஒரே ராத்திரியில் கோடி போனது. பல வருஷம் கழித்து வழிகிற ஏரி. ஊரே மேளத்தோடு வந்தது. கலங்கலில் பூ தூவி, கற்பூரம் ஏற்றி, ஆடு வெட்டினார்கள். "நானும் இந்த ஊருக்காரன்தானே, எனக்கும் ரெண்டு ஏக்கரா கீது, சந்தோஷம்தான். ஆனா நா மட்டும் கலங்கலாண்ட வலையப் புடிச்சிகினு நின்னேன். எம்மாம் தண்ணி! வலை நிக்குமா? மீனு ஒண்ணொண்ணா வெள்ளையா புரண்டு தாண்டிப் போவுது. எண்ண ஆரம்பிச்சேன். அப்புறம் எண்றத வுட்டுட்டேன்."

ஓடையில் அடித்துப் போன மீனைக் கீழூர்க்காரர்கள் வேட்டியிலும் கொசுவலையிலும் அள்ளியிருக்கிறார்கள். கீழூரில் இவர் மனைவியின் தம்பி இருக்கிறார். மறுநாள் அந்தத் தம்பி நாலு கிலோ கட்லாவைச் சாக்கில் போட்டு எடுத்துவந்து, "மாமா, எங்க ஓடையில புடிச்சது, அக்கா கையால கொழம்பு வைக்கச் சொல்லுங்க" என்று கொடுத்தாராம்.

"என் மீனு எனக்கே சீரு வந்துச்சு."

"என்ன சொன்னீங்க?" என்றேன்.

"இன்னா சொல்றது? கொழம்பு நல்லா இருந்துச்சுன்னேன்."

எவ்வளவு நஷ்டம் என்று கேட்டதற்குத் தொகை சொல்லவில்லை. இரண்டு கறவை மாட்டை விற்றதை மட்டும் சொன்னார். அடுத்த வருஷம் மறுபடி அதே ஏரியைத்தான் ஏலம் எடுத்திருக்கிறார். ஏன் என்று கேட்க வந்து, கேட்காமல் விட்டேன்.

பதினொரு மணிக்குப் பள்ளிக்கூடத் திடலில் கிராம சபை. கொடியேற்றி மிட்டாய் கொடுத்த கையோடு ஏரிப் பேச்சுதான். மழைக்காலத்தில் கலங்கலில் வலை கட்டக் கூடாது, குப்பை அடைத்துத் தண்ணீர் ஏறிக் கரை உடையும் என்று ஏரித் தண்ணீரில் பயிர் வைக்கிற ஆயக்கட்டுக்காரர் ஒருவர் எழுந்தார். குத்தகைக்காரர் உட்கார்ந்தபடியே, "அப்ப மீனுக்கு நீயே சொல்லு, போவாதேன்னு" என்றார். திடல் சிரித்தது. எழுந்தவரும் சிரித்துவிட்டார். அடுத்தது தெருவிளக்குக்குப் போய்விட்டார்கள். இரண்டு பேர் சொல்வதும் சரி என்றுதான் எனக்குப் பட்டது, இன்னும் படுகிறது.

மீன் விலை: கட்லா கிலோ 180, ஜிலேபி 100, விரால் 500. விராலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆமாம், நான் பிடித்தது குரவைதான். இரண்டரை கிலோ கட்லா ஒன்று வாங்கினோம். 450 ரூபாய் ஆனது, 400 வாங்கிக்கொண்டார்.

அத்தை மண்சட்டியில் புளி கரைத்துக் கொதிக்கவிட்டு, மீனைக் கடைசியில் போட்டு, கரண்டி விடாமல் சட்டியையே சுழற்றினார். கேழ்வரகுக் களி உருட்டினார். "இன்னிக்குத் தொடாதீங்க, நாளைக்குத்தான் கொழம்பு சேரும்" என்று சொல்லிக்கொண்டே எங்கள் தட்டில் ஊற்றினார். வலது கட்டைவிரலில் கட்டு. களியை இடது கையால் பிட்டுத் தின்றதை அத்தை பார்க்காத மாதிரி இருந்தார்.

ஜனவரி 27, திங்கள். ரயிலில்

மிச்சக் குழம்பை அத்தை எவர்சில்வர் தூக்கில் போட்டு, மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். காட்பாடியில் நெரிசல். மேலே சாமான் தட்டில் தூண்டில் பையை வைத்து, அதன் மேல் தூக்கை வைத்தது யார் என்பதில் எனக்கும் மச்சானுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. அரக்கோணம் வருவதற்குள் தூக்கு சாய்ந்து, 3,200 ரூபாய்த் தூண்டில் முழுக்கக் குழம்பில் ஊறி, ஒரு சொட்டு எதிர் சீட்டு அம்மாவின் புடவையில் விழுந்தது.

பதறிப்போய் எழுந்தோம். அவர் திட்டவில்லை. பையிலிருந்து நாலாக மடித்த தினசரியை எடுத்து எங்களிடம் ஒரு பாதியைக் கொடுத்துவிட்டு, மறுபாதியால் புடவையைத் துடைத்தார். விரலில் ஒட்டியதை முகர்ந்தார்.

"ஏரி மீனா?"

"ஆமாம்மா."

"வாசனையே சொல்லுதே. கட்லாதானே? எங்க வாங்கினீங்க?"

மச்சான் ஒரு நொடி என்னைப் பார்த்தான். கைலி கட்டியிருந்தான், போன் செத்துப்போயிருந்தது, கையில் குழம்பு வழிகிற தூண்டில்.

"வாங்கலம்மா, புடிச்சது" என்றான். "இதாலதான்."

நான் கட்டைவிரலைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.